ஊர்ல இருந்து வந்து ஒரே நாள்ல சென்னை: கடல் முதல்ல, கடை கடைசியில (குடும்பத்தோட வர்றவங்களுக்கு முழு வழிகாட்டி)

எங்க வீடு மேற்கு மாம்பலத்துல, ஸ்டேஷன்ல இருந்து நடந்து வர்ற தூரம். அதனால விழுப்புரம் பக்கத்துல இருக்கற எங்க வீட்டுக்காரர் சொந்தக்காரங்க யார் கல்யாணத்துக்கு துணி எடுக்க வந்தாலும், லீவுல பிள்ளைங்களுக்கு ஊர் சுத்திக்காட்ட வந்தாலும் கூட்டிட்டுப் போற வேலை எனக்குத்தான். எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே இல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தான் சொதப்பும், காலையில 9 மணிக்கே தி.நகர்ல இறங்கி கடை திறக்கலன்னு நிப்பாங்க, மதியம் கை நிறைய பையோட மியூசியம் போகலாம்பாங்க, சாயங்காலம் அந்தப் பையை எல்லாம் தூக்கிட்டு மெரினா மணல்ல நடப்பாங்க, அதுக்குள்ள சின்னது தூங்கிடும், பெரியவங்களுக்கு கால் வீங்கிடும்.

தப்பு இடத்துல இல்ல, வரிசையில தான். அதே இடங்களை திருப்பிப் போட்டு கூட்டிட்டுப் போனதுல இருந்து சண்டை பாதியா குறைஞ்சுது. ராத்திரியோ விடியக்காலையோ வந்து இறங்கி அன்னைக்கே திரும்பிப் போற குடும்பத்துக்கான பிளான் இது. தங்கி சுத்திப் பாக்கறவங்களுக்கு இவ்ளோ அவசரம் தேவையில்ல.

1. முதல்ல நாள் குறிங்க

வெள்ளிக்கிழமை வேண்டாம். எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, ஜனவரி 26, ஆகஸ்ட் 15 மாதிரி தேசிய விடுமுறைக்கும் திறக்க மாட்டாங்க. இது தெரியாம வந்து கேட்டுல நின்ன குடும்பங்களை நானே எத்தனையோ பாத்திருக்கேன், அதுல ஒண்ணு எங்க குடும்பம்.

சனி, ஞாயிறு தி.நகர் போனா நீங்க நடக்க வேண்டாம், கூட்டமே தள்ளிட்டுப் போயிடும். புதன், வியாழன் தான் என் சாய்ஸ். பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்குமேன்னு கேப்பீங்க, கால் பரீட்சை, அரைப் பரீட்சை லீவுல வர்ற வார நாளா பாத்துக்கங்க.

பாரிமுனை பக்கம் மொத்தக் கடைகளுக்கோ எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கற ரிச்சி தெருவுக்கோ போற எண்ணம் இருந்தா ஞாயித்துக்கிழமை வராதீங்க, பெரும்பாலான கடை சாத்தியிருக்கும். அந்த ரெண்டையும் இந்த பிளான்ல நான் சேர்க்கவே இல்ல. ரிச்சி தெருவுல குழந்தைக்கும் பாட்டிக்கும் என்ன வேலை?

மாசத்தைப் பொறுத்தவரை ஜனவரி, பிப்ரவரி தான் நல்லது, வெயிலும் இல்ல, மழையும் இல்ல. ஆனா காணும் பொங்கல் அன்னைக்கு மட்டும் மெரினா பக்கமே போகாதீங்க. ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் எல்லாம் வேற வழியே இல்லைன்னா தான். நவம்பர்ல பெரிய மழை பிடிச்சா தி.நகர் தெருவுல தண்ணி நிக்கும், முந்தின நாள் நியூஸ் பாத்துட்டு கிளம்புங்க.

2. வீட்லயே முடிக்க வேண்டிய வேலை

கடையில போய் யோசிச்சுக்கலாம்னு வர்றவங்களுக்கு தான் எவ்ளோ நேரம் இருந்தாலும் பத்தாம போகும். ஒரு பேப்பர்ல யாருக்கு என்ன, எவ்ளோ ரூபாய்க்குள்ளன்னு எழுதுங்க. போன்ல டைப் பண்ணாலும் சரி, ஆனா பேப்பர் தான் நல்லது, சாயங்காலம் 4 மணிக்கு போன்ல சார்ஜ் இருக்காது.

கூட வராத பிள்ளைங்களோட நல்லா பொருந்தற டிரஸ் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. "பத்து வயசுப் பையன்"னு சொன்னா கடைக்காரர் ஒரு சைஸ் எடுப்பார், நீங்க வளர்ற பையன்னு இன்னொரு சைஸ் எடுப்பீங்க, ரெண்டுமே சேராது. கையில டிரஸ் இருந்தா மேல வச்சுப் பாத்துட்டு ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். ரெடிமேட் பிளவுஸ் வாங்கற ஐடியா இருந்தா அளவு ஜாக்கெட். ஏற்கனவே இருக்கற புடவைக்கு மேட்சிங் தேடறீங்கன்னா அந்தப் புடவையையே கொண்டு வரணும், போட்டோ காட்டி கலர் எடுத்து இதுவரைக்கும் யாருக்கும் சரியா அமைஞ்சதா நான் பாத்ததில்ல.

பணத்தை ஒரே ஆள்கிட்ட வைக்காதீங்க. ரெண்டு பேர் போன்ல யுபிஐ, ரெண்டு பேர்கிட்ட கொஞ்சம் கேஷ். பெரிய கடைகள்ல பேஸ்மென்ட்ல சிக்னல் கிடைக்காம பில் கவுன்டர்ல நின்னு போனை ஆட்டிட்டு இருப்போம். யுபிஐல ஒரு நாளைக்கு இவ்ளோ தான் அனுப்பலாம்னு லிமிட் வேற இருக்கு, கல்யாணத் துணி எடுக்கறவங்க கார்டும் வச்சுக்கறது நல்லது.

3. பையில என்ன, எது வேண்டாம்

வரும்போது லக்கேஜ் எவ்ளோ குறைவோ அவ்ளோ நிம்மதி. ஆளுக்கு ஒரு மாத்துத் துணின்னு ஆரம்பிச்சு ரெண்டு சூட்கேஸ்ல வந்து நிப்பாங்க. மாத்துத் துணி சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் போதும், அதுவும் கடல்ல நனையும்னு தான்.

மடிச்சு வைக்கற துணிப்பை 2, பெரிய கட்டைப்பை 2. கடைகள்ல பை குடுப்பாங்க தான், ஆனா எட்டு கடைக்கு எட்டு பை ஆனா கையில எண்ண முடியாது, எல்லாத்தையும் ரெண்டு கட்டைப்பைக்குள்ள இறக்கணும். தண்ணி பாட்டில், பவர் பேங்க், குடை, பெரியவங்க மாத்திரை, ஒரு பழைய துண்டு. செருப்பு ரொம்ப முக்கியம், புதுச் செருப்பு போட்டுட்டு வந்தா அன்னைக்கு கதை முடிஞ்சுது. எங்க நாத்தனார் ஒரு தடவை ஹீல்ஸ்ல வந்து, தி.நகர் பாண்டி பஜார்ல முதல்ல வாங்கினதே 150 ரூபாய் ரப்பர் செருப்பு.

பெரிய லக்கேஜோட வந்தே ஆகணும்னா ரயில்வே ஸ்டேஷன் கிளாக் ரூம்ல வைக்கலாம், ஆனா பூட்டு போடாத பையை வாங்க மாட்டாங்க. சின்ன பூட்டு ஒண்ணு வீட்ல இருந்தே கொண்டு வாங்க.

4. விடியக்காலை இறங்கினதும் நேரா கடலுக்கு

தெற்குல இருந்து வர்ற பஸ் எல்லாம் இப்ப கிளாம்பாக்கத்துலயே நின்னுடும், 2023 டிசம்பர் கடைசியில திறந்த பஸ் ஸ்டாண்டு. அங்கேயே ரெஸ்ட் ரூம்ல முகம் கழுவி ரெடி ஆயிடுங்க, இதுக்கப்புறம் இவ்ளோ பெரிய ரெஸ்ட் ரூம் கிடைக்க லேட் ஆகும். அங்கிருந்து மாநகர பஸ்ல தாம்பரம் வந்து லோக்கல் ரயில். ரயில்லயே ஊர்ல இருந்து வர்றவங்க தாம்பரத்துல இறங்கிக்கலாம்.

மாநகர பஸ்ல ஒரு விஷயம். பெண்களுக்கு எல்லா பஸ்ஸும் ஃப்ரீ இல்ல, சாதாரண கட்டண பஸ் மட்டும் தான், முன்னாடி பின்னாடி பிங்க் பெயின்ட் அடிச்சிருக்கும். 5 வயசு வரைக்கும் குழந்தைக்கு டிக்கெட் இல்ல.

தாம்பரத்துல டிக்கெட் எடுக்கும்போது பார்க் ஸ்டேஷன்னு கேக்காதீங்க, கலங்கரை விளக்கம்னு கேளுங்க. லோக்கலும், பாலத்து மேல ஓடற பறக்கும் ரயிலும் ஒரே டிக்கெட்ல போகலாம். பார்க்குல இறங்கி, பக்கத்துலயே இருக்கற பார்க் டவுன் ஸ்டேஷனுக்கு நடந்து, வேளச்சேரி போற பறக்கும் ரயில் ஏறணும். புதுசா வர்றவங்க பார்க் வரைக்கும் எடுத்துட்டு அங்க இன்னொரு க்யூல நிப்பாங்க. போன் ஆப்ல டிக்கெட் எடுக்கறதுன்னா ஸ்டேஷனுக்கு வெளியவே எடுத்துடுங்க, உள்ள பிளாட்ஃபார்ம் பக்கம் வந்துட்டா லொகேஷன் பாத்து எடுக்க விடாது, அப்புறம் ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கற கியூஆர் ஸ்கேன் பண்ணி தான் எடுக்கணும். ஏசி லோக்கல் ரயில் 2025 ஏப்ரல்ல இருந்து ஓடுது, அதுக்கு டிக்கெட் தனி. சாதா டிக்கெட்டோட தெரியாம ஏறினாலும் ஃபைன் ஃபைன் தான்.

ஏன் கடல் முதல்ல? எங்க மாமியார்கூட முதல் தடவை கேட்டாங்க, "கடல் எங்கம்மா ஓடிப் போயிடப் போகுது, முதல்ல கடையைப் பாப்போம்"னு. கடை திறக்க 9, 10 மணி ஆகும். நீங்க இறங்கறது 4, 5 மணி. அந்த 5 மணி நேரத்துல திறந்திருக்கறது கடலும் கோயிலும் மட்டும் தான். சாயங்காலம் போனா கூட்டம், கையில பை, இருட்டுல பிள்ளைங்களைத் தேடறது, அப்புறம் மணலோட ரயில் ஏறறதுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும்.

5. மெரினாவுல ஒன்றரை மணி நேரம் போதும்

சென்னையில சூரியன் உதிக்கறது மாசத்தைப் பொறுத்து 5.45ல இருந்து 6.35 வரைக்கும் மாறும். அதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி மணல்ல இருங்க. கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்ல இருந்து கடல் நடக்கற தூரம் தான், பெரியவங்க இருந்தா ஆட்டோ.

ரோட்டுல இருந்து தண்ணி வரைக்கும் எவ்ளோ மணல்னு யாரும் நினைச்சுப் பாக்கறதில்ல. முட்டி வலி இருக்கறவங்களுக்கு அந்த நடையே ஒரு நாள் வேலை. விவேகானந்தர் இல்லம் பக்கத்துல, மாற்றுத்திறனாளிகள் வீல்சேர்ல போக மரப்பாதை போட்டிருக்காங்க, நடக்க கஷ்டப்படறவங்களை அந்த இடத்துல இறக்குங்க.

கடல்ல குளிக்க விடாதீங்க. பாக்க சாதாரண அலை மாதிரி தான் இருக்கும், ஆனா கரை சட்டுனு ஆழமாகும், உள்ள இழுக்கும், போலீஸும் குளிக்கக் கூடாதுன்னு தான் சொல்றாங்க. கால் நனைக்கறதோட சரி, அதுவும் பெரியவங்க கையைப் பிடிச்சுட்டு. ஊர்ல கிணத்துல நீச்சல் அடிக்கற பையனுங்க தான் "எனக்குத் தெரியும் சித்தி"ன்னு இறங்குவாங்க. கிணத்துல அலை வராதுடான்னு சொல்லி கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டியது தான்.

7.30க்கு கிளம்பிடணும். அதுக்கு மேல வெயில் நேரா முகத்துல அடிக்கும், மெரினாவுல நிழலே கிடையாது. கிளம்பும்போது கால் மணலை தண்ணி ஊத்தி கழுவாதீங்க, ஈரத்துல இன்னும் ஒட்டும். காயவிட்டு பழைய துண்டால தட்டுங்க, உதிர்ந்துடும். துண்டு எதுக்குன்னு கேட்டீங்கல்ல, இதுக்குத்தான்.

6. மயிலாப்பூர்: சாமி, டிபன், அப்புறம் தான் மாடவீதி

கபாலீஸ்வரர் கோயில் மதியம் சாத்திட்டு 4 மணிக்கு தான் திறப்பாங்க. "மதியம் அப்படியே கோயிலுக்கும் போயிடலாம்"னு சொல்றவங்க எல்லாம் வெளிய இருந்து கோபுரத்தைக் கும்பிட்டு போறவங்க தான். காலையில 8 மணிக்கு போனா வார நாள்ல அரை மணி நேரத்துல நிம்மதியா தரிசனம் ஆயிடும்.

செருப்பை டோக்கன் போட்டு ஒரே ஆள் வாங்கி வைங்க. ஆளுக்கு ஒரு பக்கம் விட்டா வெளிய வந்து கால் மணி நேரம் அதுக்கே போயிடும்.

டிபன் இங்கயே சாப்பிடுங்க. மாடவீதி சுத்தி பொங்கல், வடை, ஃபில்டர் காபிக்கு குறைச்சலே இல்ல, 8.45 போல போனா ஆபீஸ் கூட்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். பிள்ளைங்க நல்லா சாப்பிடற வேளை இது ஒண்ணு தான், அதனால அவசரப்படுத்தாதீங்க.

டிபன் முடிஞ்சு அரை மணி நேரம் மாடவீதியில சின்னதா ஏதாவது வாங்கலாம். பித்தளை விளக்கு, சொப்பு சாமான், பூஜை சாமான் எல்லாம் தி.நகரை விட இங்க நிதானமா பாத்து வாங்கலாம். ஆனா கண்டிஷன், ஒரே ஒரு பைக்கு மேல போகக் கூடாது. ரெண்டு கிலோ குத்துவிளக்கை காலையில 9.30க்கு வாங்கிட்டா ராத்திரி வரைக்கும் அது உங்க கூடவே சுத்தும்.

இந்த ஏரியாவுல மெட்ரோ வேலை நடக்கறதால ரோடு அடிக்கடி மாறும். ஆட்டோக்காரர் சுத்திட்டுப் போனா உடனே ஏமாத்தறார்னு முடிவு பண்ணிடாதீங்க.

7. எழும்பூர் மியூசியம்: எல்லாத்தையும் பாக்க ஆசைப்படாதீங்க

மயிலாப்பூர்ல இருந்து எழும்பூருக்கு ரயில்லயும் வரலாம், திருமயிலையில ஏறி பார்க் டவுன்ல மாறி. ஆனா பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல படி ஜாஸ்தி, பெரியவங்க இருந்தா இந்த ஒரு இடத்துல காசைப் பாக்காம ஆப்ல கார் புக் பண்ணிடுங்க. அஞ்சு பேரை ஒரே ஆட்டோவுல ஏத்தறதுக்கு பேரம் பேசற நேரத்துக்கு போயே சேர்ந்துடலாம். ஆட்டோவுக்கு 2013ல குறைஞ்ச கட்டணம் 25 ரூபாய்னு போட்டாங்க, அந்த ரேட்டுக்கு வரேன்னு சொன்ன ஒருத்தரை நான் இன்னும் பாக்கல.

மியூசியம் 9.30க்கு திறக்கும். பெரிய வளாகம், பல கட்டடம். முதல் கட்டடத்துல ஒவ்வொரு கல்லா நின்னு பாத்துட்டு மூச்சு வாங்கி அதோட திரும்பிப் போறவங்க தான் அதிகம். நான் கூட்டிட்டுப் போற வரிசை இது தான்: முதல்ல வெண்கலச் சிலைகள் இருக்கற கட்டடம், தலை ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே. திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் எல்லாம் அங்க தான் இருக்கு. அர்த்தநாரீஸ்வரரை முன்னாடி மட்டும் பாத்துட்டு நகராதீங்க, கொஞ்சம் சுத்தி நின்னு பாருங்க, ஒரு பக்கம் இடுப்பு வளையறதும் இன்னொரு பக்கம் தோள் நிமிர்றதும் பக்கவாட்டுல தான் நல்லா தெரியும். எங்க மாமியார் அந்த இடத்துல சத்தம் போடாம கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் திமிங்கலத்தோட எலும்புக்கூடு. பிள்ளைங்களுக்கு மியூசியம்னாலே அது தான், கீழ நிக்க வச்சு போட்டோ எடுத்தா தான் எவ்ளோ பெருசுன்னு அவங்களுக்கே புரியும். பிறகு குழந்தைகள் அருங்காட்சியகம். நேரம் மிச்சம் இருந்தா அமராவதி சிற்பம், இல்லைன்னா அடுத்த தடவை. ரெண்டு மணி நேரம் தான் கணக்கு, 12க்கு வெளிய வந்துடணும்.

நிறைய பேர் "பிள்ளைங்க வேண்டாம்னு சொல்லும், கிண்டி பூங்கா போலாமே"ம்பாங்க. தாராளமா போகலாம், சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் செவ்வாய்க்கிழமை லீவுன்னு மட்டும் நினைவுல வச்சுக்கங்க. வண்டலூர் ஜூவை மட்டும் இந்த பிளான்ல நுழைக்காதீங்க, அதுக்கே ஒரு முழு நாள் வேணும், அதுவும் செவ்வாய் லீவு.

8. சாப்பாடு 12 மணிக்கு, ஒரு மணிக்கு இல்ல

எழும்பூர் ஸ்டேஷன் பக்கத்துல சைவம், அசைவம் ரெண்டுமே கிடைக்கும். 12.15க்கு உக்காந்தா டேபிள் உடனே கிடைக்கும், 1 மணிக்கு போனா சாப்பிடறவங்க நாற்காலிக்குப் பின்னாடி நின்னு அவங்க எப்ப மோர் ஊத்துவாங்கன்னு பாத்துட்டே இருக்கணும். தி.நகர் போய் சாப்பிடலாம்னு தள்ளாதீங்க, பசியோட கடைக்குள்ள போனா எந்தப் புடவையும் பிடிக்காது.

சாப்பிட்டு கால் மணி நேரம் உக்காருங்க. சின்னப் பிள்ளை தூங்கினா தூங்கட்டும்.

9. தி.நகருக்குள்ள நுழையறது எப்படி

எழும்பூர்ல இருந்து மாம்பலம் நாலாவது ஸ்டேஷன். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம். மதிய நேரம் உக்காரவே இடம் கிடைக்கும். இந்த வெயில்ல கார்ல போய் டிராஃபிக்ல மாட்டறதுக்கு இது எவ்வளவோ மேல்.

மாம்பலத்துல இறங்கினதும் எல்லாரும் கூட்டத்தோட கூட்டமா ரங்கநாதன் தெருவுக்குள்ள போயிடுவாங்க. போன வேகத்துல ஹேர்பேண்ட், நைட்டி, பிளாஸ்டிக் டப்பா, கர்ச்சீப்னு கண்ணுல பட்டதை எல்லாம் வாங்கி, மெயின் ரோட்டுக்கு வரும்போதே ரெண்டு கை ரொம்பிடும். அதே தெரு வழியா தானே திரும்பி வரப் போறீங்க, அப்ப வாங்குங்க.

பெரியவங்களும் குழந்தையும் இருந்தா ஆகாய நடைபாதையில போங்க. 2023 மே மாசம் திறந்தது, மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சுமார் 570 மீட்டர், லிஃப்ட், எஸ்கலேட்டர் ரெண்டும் இருக்கு. கீழ தெருவுல நெரிசல்ல நசுங்கறவங்களை மேல இருந்து பாத்துட்டே போகலாம்.

10. கடை வரிசை: இதுல தான் நாளே இருக்கு

மதியம் 1.30ல இருந்து 4 மணி வரைக்கும் வெளிய வெயில் கொளுத்தும், உள்ள ஏசி. வார நாள்ல அந்த நேரத்துக்கு கூட்டமும் குறைவு, 5 மணிக்கு ஆபீஸ் விட்டதும் நிரம்பிடும். அந்த ரெண்டரை மணி நேரத்துக்குள்ள பெரிய முடிவு எல்லாம் எடுத்துடணும்.

முதல்ல பிள்ளைங்க டிரஸ். எல்லாரும் புடவையில ஆரம்பிப்பாங்க, அங்க தான் தப்பு. புடவை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள பிள்ளைங்க தூங்கிடும் இல்லைன்னா ரகளை பண்ணும், அப்புறம் போட்டுப் பாக்க விடாது. போட்டுப் பாக்காம வாங்கிட்டு சேரலைன்னா மாத்த அஞ்சு நாள், ஏழு நாள்னு டைம் குடுப்பாங்க, ஆனா விழுப்புரத்துல இருந்து ஒரு டவுசர் மாத்த யார் வருவாங்க?

அடுத்து ஆம்பளைங்களுக்கு. இருபது நிமிஷம். இதுல எழுத ஒண்ணும் இல்ல.

இப்ப புடவை. உக்காந்ததும் "எந்த ரேஞ்சுல பாக்கறீங்க"ன்னு கேப்பாங்க. வெக்கப்படாம ஒரு நம்பரைச் சொல்லுங்க. "நீங்க காட்டுங்க பாப்போம்"னு சொன்னா மேல இருக்கறதுல இருந்து ஆரம்பிப்பாங்க, அதைப் பாத்த கண்ணுக்கு அப்புறம் உங்க பட்ஜெட் புடவை எதுவும் புடவையாவே தெரியாது. ரெண்டு பேருக்கு மேல உக்காந்து அபிப்பிராயம் சொல்லாதீங்க. ஆறு பேர் போய் ஆறு பேரும் ஒவ்வொரு கலர் சொல்லி, கடைசியில யாருக்கு எடுக்கணுமோ அவ முகம் சுருங்கிப் போனதை நான் பாத்திருக்கேன். பிடிச்சதை எல்லாம் தனியா எடுத்து வைக்கச் சொல்லி, கடைசியில அதுல இருந்து மட்டும் எடுங்க.

எடுத்த புடவையை வாசல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்துல பாருங்க. கடை லைட்டுல மெரூன் மாதிரி இருக்கறது வெளிய அரக்கா இருக்கும், மயில் கழுத்துக் கலர் வெறும் நீலமா தெரியும். கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்க, கூட ஒரு ஆளை அனுப்புவாங்க. முந்தியையும் பிரிச்சுப் பாத்துடுங்க, மடிப்புல இழை விட்டிருந்தா அப்ப தான் தெரியும்.

புடவைக்கு அப்புறம் தான் மேட்சிங். லைனிங் துணி, ஃபால்ஸ், உள்பாவாடை, ஜாக்கெட் பிட்டு, வளையல். இதுக்குன்னு தனி மேட்சிங் சென்டர் இருக்கு, அங்க புடவையை கவுன்டர் மேல விரிச்சு வச்சா அவங்களே அலமாரியில கண்ணை ஓட்டி சரியா எடுத்துப் போடுவாங்க, அந்த வேகத்தைப் பாக்கறதே ஒரு வேடிக்கை.

கடைசியா கனமானது. எவர்சில்வர் பாத்திரம், குக்கர், பெட்ஷீட்டு. ரங்கநாதன் தெரு வழியா ஸ்டேஷனுக்கு திரும்பும்போது வாங்கணும், வாங்கின இடத்துக்கும் ரயிலுக்கும் அஞ்சு நிமிஷ நடைக்கு மேல இருக்கக் கூடாது.

நகை எடுக்கறதா இருந்தா இதுக்குள்ள சேர்க்காதீங்க. அதுக்கு ரெண்டு பெரியவங்க மட்டும், பிள்ளைங்க இல்லாம, வேற ஒரு நாள் வாங்க.

மாடிக் கடைகளுக்கு ஒரு டிப்ஸ்: லிஃப்ட்ல நேரா மேல் மாடிக்குப் போய் படியில இறங்கிட்டே வாங்க. ஒவ்வொரு மாடிக்கும் லிஃப்டுக்கு நின்னா அரை மணி நேரம் லிஃப்ட் வாசல்லயே போயிடும். ரெஸ்ட் ரூம் எந்த மாடியில இருக்குன்னு உள்ள வரும்போதே கேட்டு வச்சுக்கங்க.

11. பில்லு, டெலிவரி, பொட்டலம்

பெரிய கடைகள்ல நீங்க எடுத்ததை உடனே கையில தர மாட்டாங்க. செக்‌ஷன்ல ஒரு சீட்டு போடுவாங்க, கேஷ் கவுன்டர்ல பணம் கட்டணும், டெலிவரி கவுன்டர்ல பொருள் வாங்கணும், வாசல்ல செக்யூரிட்டி பில்லுல முத்திரை குத்துவார் இல்ல பஞ்ச் பண்ணுவார். புதுசா வர்றவங்க பணம் கட்டின சந்தோஷத்துல வாசலுக்கு வந்துட்டு, பொருள் எங்கன்னு திருப்பி மூணு மாடி ஏறுவாங்க.

டெலிவரி கவுன்டர்ல கவரை வாங்கிட்டு அப்படியே நகராதீங்க. பில்லுல எத்தனை ஐட்டம் இருக்குன்னு பாத்து உள்ள எண்ணுங்க. ஒரு தடவை எங்க சித்தி வாங்கின ரெண்டு புடவைக்கு பதிலா ஒரு புடவையும் யாரோட வேஷ்டியோ வந்துடுச்சு, வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தப்ப தான் தெரிஞ்சுது. நான் பக்கத்துல இருக்கறதால மறுநாள் போய் மாத்தினேன், அந்த வேஷ்டிக்காரர் அதுக்குள்ள வந்து சண்டை போட்டுட்டு போயிருந்தார்.

12. பிரிஞ்சு போனா சேர்ற இடம்

எல்லாரும் எல்லாக் கடைக்கும் வரணும்னு அவசியம் இல்ல. பிள்ளைங்க டிரஸ் முடிஞ்சதும் ஒருத்தர் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வெங்கட்நாராயணா ரோட்டுல இருக்கற நடேசன் பார்க்குக்குப் போயிடலாம், பாண்டி பஜார் அகல நடைபாதையில உக்கார இடமும் இருக்கு. பனகல் பார்க்குன்னு தான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா அங்க மெட்ரோ வேலை நடக்குது, நம்பிப் போகாதீங்க.

சேர்ற இடத்தை கடை பேர் சொல்லி வைக்காதீங்க. தி.நகர்ல ஒரே பேர்ல ரெண்டு மூணு கடை இருக்கும், அதுவும் ஒரே ரோட்டுல. எங்க பெரிய மாமனார் ஒரு வாசல்ல முக்கால் மணி நேரம், நாங்க இன்னொரு வாசல்ல முக்கால் மணி நேரம், நடுவுல 200 மீட்டர் கூட இருக்காது. போன் அடிச்சாலும் அந்த சத்தத்துல கேக்காது. "எங்க இருக்கீங்க மாமா?" "கடை வாசல்ல தான் இருக்கேன்மா." இதையே எட்டு தடவை பேசினோம். தி.நகர் பஸ் ஸ்டாண்டுல ஆகாய நடைபாதை இறங்கற இடம், மாம்பலம் டிக்கெட் கவுன்டர், இந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்கற இடமா சொல்லுங்க.

பிள்ளைங்க பாக்கெட்ல ரெண்டு போன் நம்பர் எழுதின சீட்டு போடுங்க. காலையில கடல்ல எடுத்தீங்கல்ல போட்டோ, அதுல அன்னைக்கு போட்டிருக்கற டிரஸ் தெளிவா தெரியணும். காணாம போனா "என்ன கலர் சட்டை"ன்னு கேக்கும்போது பெத்தவங்களுக்கு மறந்துடும், பதட்டத்துல எல்லாம் மறக்கும்.

13. திரும்பற நேரம்: 5 மணி இல்லைன்னா 8 மணி

நடுவுல கிளம்பாதீங்க. சாயங்காலம் 5.30ல இருந்து 7.30 வரைக்கும் பீச் ஸ்டேஷன்ல இருந்து தாம்பரம் போற ரயில் நிரம்பி தான் மாம்பலத்துக்கே வரும். அதுல குக்கர் பெட்டியும் குழந்தையுமா ஏறறது நடக்காத காரியம். வேலை சீக்கிரம் முடிஞ்சா 5 மணிக்கே ஏறிடுங்க, முடியலைன்னா ராத்திரி டிபனை இங்கயே நிதானமா முடிச்சுட்டு 8 மணிக்கு மேல.

லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல பெண்கள் ஏறறதா இருந்தா யார் எந்தப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறது, எந்த ஸ்டேஷன்ல இறங்கறதுன்னு பிளாட்ஃபார்ம்லயே பேசிடுங்க. பெரிய பையனை அதுல ஏத்த முடியாது, அவன் அப்பாகூட தான். ரெண்டு பெட்டியும் தள்ளித் தள்ளி இருக்கும், தாம்பரத்துல இறங்கின இடத்துலயே நில்லுங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடி நடந்தா கூட்டத்துல தாண்டிப் போயிடுவீங்க.

பிளாட்ஃபார்ம் பெஞ்சுல உக்காந்ததும் பையை எண்ணுங்க, ஆளையும் எண்ணுங்க. "மொத்தம் ஆறு பை"ன்னு ஒருத்தர் சத்தமா சொல்லணும், தாம்பரத்துல இறங்கும்போது அதே ஆள் திரும்ப ஆறு எண்ணணும். எங்க வீட்டுல இந்த வேலை பத்து வயசுப் பையனோடது. போன தடவை அவன் எண்ணி ஏழு சொன்னான், என்னடான்னு பாத்தா காலையில கடற்கரையில பொறுக்கின சிப்பியை தனியா ஒரு கவர்ல வச்சிருந்தான், நாள் பூரா யாருக்கும் தெரியாம.